டி.வி. நாடகமும் எங்க நைனா போட்ட கட்டும்

ஸ்டூடியோ லைட்டு சூட்டுல மூஞ்சி பவுடர் உருகி வாய்க்குள்ள வருது... உப்பும் மாவுமா ஒரு ருசி. எழுபதுகளோட கடைசி. மெட்ராஸுக்கு டி.வி. வந்து கொஞ்ச வருஷந்தான் ஆகுது.

நான் அப்போ திருவொற்றியூர்ல ஒரு ஃபேக்டரில ஃபிட்டர். எங்க ஃபேக்டரி நாடகக் குழுவுக்கு டி.வி.ல சான்ஸ் கெடச்சுது. மர்ம நாடகம். நான்தான் டிடெக்டிவ்! கோட்டு இரவல், தோள் ரெண்டும் தொங்கும்.

கதை சிம்பிள். மேஜிக் ஷோல மேஜிக்காரரை நாற்காலில கட்டிப்போட்டு விளக்கை அணைக்கறாங்க. விளக்கு வந்தா, முன்வரிசைல ஒரு பணக்காரர் கயித்தால கழுத்து நெரிஞ்சு செத்துக் கெடக்கறார். மேஜிக்காரர் கட்டோட அப்படியே உக்காந்திருக்கார். கடைசி சீன்ல நான் அவரை மறுபடி கட்டச் சொல்லி, விளக்கை அணைச்சு, இருட்டுல "பாம்பு!"ன்னு கத்துவேன். அவர் பயந்து கட்டை உதறிட்டு எழுந்து நிப்பார். மாட்டிக்கிட்டார்!

கயிறு கட்டற மேடை ஆளா நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். எங்க நைனாவை இழுத்துட்டு வந்தேன். ராயபுரத்துல சூசைன்னா தெரியாதவங்க இல்ல. ஹார்பர்ல கப்பல் சரக்கைக் கயிறு போட்டுக் கட்டற வேலை. தான் போட்ட கட்டு நடுக்கடல்லகூட அவுந்ததில்லன்னு அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

"சும்மா சுத்தி வுடு நைனா, போதும்"னு படிச்சுப் படிச்சு சொன்னேன்.

"ஹார்பரே பாத்துகினு இருக்கும்டா. சூசை கட்டு அவுந்துகிச்சுன்னு நாளைக்கு எவனாச்சும் சொன்னா நான் இன்னா பண்றது?"

"எனக்காக நைனா"ன்னதும் தலையை ஆட்டினார். நானும் நம்பினேன் பாருங்க...

ரெக்கார்டிங்னா நடுவுல நிறுத்தறதெல்லாம் கெடையாது. ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் ஒரே ஓட்டம். விளக்கு அணைஞ்சுது. "பாம்பு!"ன்னு கத்தினேன். தடதடன்னு நாற்காலி ஆடற சத்தம். விளக்கு வந்துது.

மேஜிக்காரர் உக்காந்தேதான் இருக்கார். நாற்காலி மட்டும் ரெண்டடி நகர்ந்திருக்கு. மூஞ்சி பூரா வேர்வை. கண்ணாலயே என்னைத் திட்டறார்.

பக்கத்துல நைனா, கையைக் கட்டிக்கிட்டு நிம்மதியா நிக்கறார்.

கேமரா ஓடிக்கிட்டிருக்கு. இவர் நிரபராதின்னு ஆயிடுச்சு. அப்போ கொலைகாரன் யாரு? மேடைல மிச்சம் ரெண்டே பேர். செத்தவரோட மனைவியா நடிச்சது எங்க சூப்பர்வைசர் சம்சாரம்... அவங்களைக் கைகாட்டினா என் வேலை காலி.

"கயிற்றை இப்படிக் கையாளத் தெரிந்தவன் இங்கே ஒருவன்தான்!"னு வசனத் தமிழ்ல ஆரம்பிச்சு, நைனா பக்கம் விரலை நீட்டிட்டேன். "கொலைகாரன் நீதான்!"

"நானா? இன்னாடா சொல்ற?"

அப்படியே விட்டிருந்தா நாடகமும் போயிருக்கும், என் மானமும் போயிருக்கும். கண்ணால கெஞ்சினேன். நைனா என்னைப் பாத்தார். கட்டைப் பாத்தார். ரெண்டு கையையும் விலங்குக்கு நீட்டினார்.

"ஆமா சார். நான்தான்."

ஒளிபரப்பான அன்னைக்கு, எங்க தெருவுலயே டி.வி. இருந்த ஒரே வீடான மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டு ஜன்னல்லகூட ஆள் தொங்குது. முடிஞ்சதும் அம்மா என்னைப் புடிச்சுக்கிட்டாங்க. "பெத்த அப்பனையே போலீஸ்ல புட்ச்சி குட்த்துட்டியேடா பாவி! ஞாயித்துக்கெயம எந்த மூஞ்ச வெச்சுகினு கோயிலுக்குப் போவேன்?" ரெண்டு நாளைக்கு என் தட்டுல வெறும் கொழம்புதான், மீன் துண்டு விழல.

அம்மா அப்படிக் கத்தறப்பவே நைனா எழுந்து நின்னு கூட்டத்தைப் பாத்தார்.

"கொலைய வுடுங்க. கட்டு அவுந்துச்சா?"

ஹார்பர் ஆளுங்க அடிச்ச விசில்ல, அடுத்து டி.வி.ல என்ன வந்துதுன்னே யாருக்கும் தெரியல.

இப்போ என் பேத்தி அரை நிமிஷ வீடியோவுக்கு இருபது தடவை ரீடேக் எடுக்கறா. சரியா வராததையெல்லாம் உடனே அழிச்சுடறா. அன்னைக்கு அந்த வசதி இருந்திருந்தா நாங்களும் கட்டைத் தளர்த்திட்டு மறுபடி எடுத்திருப்போம். நைனா வாயிலேர்ந்து "நான்தான்"ங்கற அந்த ஒரு வசனம் வந்திருக்கவே வந்திருக்காது.

அந்த நாடகத்தோட பதிவு எங்கயும் இல்ல, விசாரிச்சுப் பாத்துட்டேன். நைனாவும் இல்ல. "ஏன் நைனா இறுக்கினே?"ன்னு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கேன். என்னைக் காப்பாத்தினதுக்கு நான் ஒரு வார்த்தை நல்லதா சொன்னதில்ல. அவர் அப்படி ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னதை இன்னொரு தடவை பாக்கணும் போல இருக்கு...