பதினேழாவது நட்டு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். ஆனால் இது நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை, மண்டையைப் பிளக்கும் வெயிலில்.

நடந்தது டேப்புக்காரருக்கு. சட்டைப் பையில் எப்போதும் அளவு டேப் இருக்கும், அதனால் அந்தப் பெயர். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். ஒரு நட்டை முடுக்கினால் உடனே அதன் மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார். நட்டு துளி அசைந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். தன் கையைத் தவிர வேறு கையை நம்பாத மனிதர்.

அவர் இருபத்திரண்டு வயதான ஒரு ஃபோர் வீல் ஜீப்பை வாங்கினார். விற்றது ஒரு அம்மாள். கணவர் இறந்துவிட்டாராம். வண்டி முழுக்கத் துரு. மூன்று மாதம் டேப்புக்காரர் வீட்டுக்கும் ஷெட்டுக்குமாக அலைந்தார். புது ஸ்பிரிங் பட்டை, புது ஷாக் அப்சார்பர், மலைச்சாலைக்கு ஏற்ற டயர். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தியும் விட்டார்.

“நீங்க என்னைக் கட்டிக்கிட்டீங்களா, அந்த வண்டியக் கட்டிக்கிட்டீங்களா?” என்று மனைவி கேட்காத நாள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் குவாரி மலை மண்பாதையில் ஏற்றிக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மகள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய், மதியம் 2.10. டிரைவர் சீட் இரண்டு பல் முன்னால் தள்ளியிருந்தது. அவர் நெட்டையானவர், முட்டி இடித்தது. சீட்டைத் தள்ளும்போது அடியில் ஒரு மஞ்சள் பெயிண்ட் பேனா கிடைத்தது. காய்ந்து கல்லாகியிருந்தது. பழைய ஆளுடையது போல என்று பெட்டியில் போட்டார்.

புதன், 1.35. சாப்பிட்டுவிட்டு வந்து பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். சூடாக இருந்தது. நிழலில் கிடந்த இரும்பு. யாரோ வெகுநேரம் கையில் வைத்திருந்த சூடு…

மச்சான் மேல்தான் சந்தேகம் விழுந்தது. மனைவியின் தம்பி. டிரைவர் வேலை போய் ஒரு மாதமாக இவர்கள் வீட்டில்தான் இருந்தான். “ஒரு ரவுண்டு குடுங்க அத்தான்” என்று நச்சரிப்பான். அன்று கேட்காமலேயே வண்டியைக் கழுவி வேறு வைத்திருந்தான். எலி சும்மா அம்மணமாக ஓடுமா?

வியாழன், வண்டிக்கு அடியில் படுத்தார். ஸ்பிரிங் பட்டையை இறுக்கும் நட்டுகள் மொத்தம் பதினாறு. அதில் ஆறில், அவருடைய வெள்ளைக் கோட்டின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. மச்சானைக் கூப்பிட்டார்.

“என் வேலைய நீ செக் பண்றியா?”

“நான் தொடவே இல்ல அத்தான்.”

“பொய் சொல்லாத.”

வெள்ளிக்கிழமை அவர் ஒரு காரியம் செய்தார். ஷெட்டுக்குப் புதுப் பூட்டு. சாவி தன் பையில். மச்சானையும் தன்னோடு வேலைக்கே இழுத்துக்கொண்டு போனார். நாள் முழுக்க அவன் பக்கத்திலேயே இருந்தான்.

திரும்பியபோது மணி 3.40. பூட்டு பூட்டியபடி இருந்தது. அடியில் படுத்து டார்ச் அடித்தார்.

பதினாறிலும் மஞ்சள். விரலில் ஒட்டியது.

பதினேழாவதாக, வலது முன்சக்கரத்தில், ஸ்டியரிங் ராடைப் பிடிக்கும் நட்டு. அதில் மட்டும் வெள்ளைக் கோடு தனியாக இருந்தது.

“எத்தன சாவி போட்டு வெச்சிருக்க? யார உள்ள விட்ட?”

மச்சான் அவரையே பார்த்தான். “இவ்ளோதானா அத்தான் என் மேல நம்பிக்க?” பையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கிவிட்டான். அதோடு மனைவியும் பேச்சை நிறுத்தினாள்.

சனி, மாலை 4.05. ஷெட்டில் அவர் ஒருவர்தான்.

கிரிக்… கிரிக்… கிரிக்…

வண்டிக்கு அடியில் யாரோ நட்டு முடுக்கும் சத்தம். குனிந்தார். யாருமில்லை. சத்தம் நின்றது.

பிறகு வலது முன்சக்கரத்தில் மூன்று தட்டு.

டக். டக். டக்.

டார்ச் அடித்து அந்தப் பதினேழாவது நட்டைப் பார்த்தார். நட்டு கழன்று விழாமல் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின் இல்லை! மகள் சாப்பிடக் கூப்பிட்ட அவசரத்தில், பின்னைப் போடும் முன்பே கோட்டை இழுத்திருக்கிறார். கோடு இருந்ததால் பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை. மலை இறக்கத்தில் அந்த நட்டு கழன்றிருந்தால் மொத்தக் குடும்பமும் பள்ளத்தில்.

பின்னைப் போட்டு மடக்கினார். மற்ற பதினாறையும் முடுக்கிப் பார்த்தார். எல்லாம் இறுக்கம்.

அப்படியானால் மஞ்சள் என்றால் சரி. பழைய ஆள் இன்னும் தன் வண்டியைப் பார்த்துக்கொள்கிறார். பயம் போய் அவருக்குக் கண்ணீர் வந்தது. மச்சானுக்குப் போன் போட்டார். “தப்பு என் மேலதான்டா. மன்னிச்சிடு. நாளைக்கு நீதான் ஓட்டுற.”

ஞாயிறு, 11.20. மலை உச்சி. வண்டி பூப்போல ஏறியிருந்தது. மகள் பின்சீட்டில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மனைவி பக்கத்தில். மச்சான் ஸ்டியரிங்கில், மலை இறங்கத் தயாராக.

டேப்புக்காரர் சற்றுத் தள்ளி நின்று, வண்டி விற்ற அம்மாளுக்குப் போன் செய்தார். நன்றி சொல்ல.

“உங்க வீட்டுக்காரர் நட்டுல மஞ்சள் கோடு போடுவாராம்மா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“செக் பண்ணி முடிச்சதுக்கு அடையாளம்தானே?”

“இல்லியே…” அந்த அம்மாள் தயங்கினாள். “முடிஞ்சதுக்கு அவர் எதுவும் போட மாட்டார். கழட்ட வேண்டியதுக்குத்தான் மஞ்சள்.”

டேப்புக்காரர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“அவர் என்கிட்ட, நான் போனதும் வண்டியப் பிரிச்சுப் போட்டுடு, வேற எவனும் ஓட்டக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் செத்தார். எனக்கு மனசு வரல. வித்துட்டேன்.”

பதினாறு நட்டு கழற்ற வேண்டியவை. பதினேழாவதுக்கு மஞ்சள் தேவைப்படவில்லை. அது தானாகவே கழலப் போவது… தட்டிக் காட்டியதெல்லாம் அவரை நம்பவைக்கத்தான்.

மச்சான் சாவியைத் திருகக் கை வைத்தான். திருகும் முன்பே, வண்டிக்கு அடியில்:

கிரிக்… கிரிக்…

“ஸ்டார்ட் பண்ணாத! எல்லாரும் இறங்குங்க! இறங்குங்க!”

மகளைத் தூக்கிக்கொண்டு மூவரும் நடந்தே இறங்கினார்கள். இரண்டு மணி நேரம். அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மீட்பு லாரிக்காரர் மேலே போனார். அங்கிருந்து போன் செய்தார்.

“என்ன சார், பதினாறு நட்டையும் கைல திருகினா வருது. இத வெச்சுக்கிட்டா ஏறுனீங்க?”

“ஸ்டியரிங் ராடு நட்டு?”

“அதுலயும் மஞ்சள் கோடு இருக்கு சார். இன்னும் காயல. பின்னைத்தான் காணோம்.”

வண்டிக் கதவைத் திறக்கும் சத்தம் போனில் கேட்டது.

“கெடச்சிடுச்சு சார். யாரோ நேரா நிமித்தி டிரைவர் சீட்டு மேல வெச்சிருக்காங்க.” பிறகு சலிப்போடு சொன்னார்: “உங்க டிரைவர் ரொம்பக் குள்ளமா சார்? சீட்டு இவ்ளோ முன்னால இருக்கு, என்னால உக்காரவே முடியல.”