இர்மாவின் ரயில் இர்மாவையே மறித்த கதை

இர்மா ஹால்வர்சனுக்கு இரண்டு வேலை. ஒன்று, எங்கள் ஊரான ஆல்டர் பெண்டின் சரக்கு ரயிலில் கார்டு. அதற்குச் சம்பளம் உண்டு. இன்னொன்று, ஊர்த் தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர். அதற்குச் சம்பளம் கிடையாது; வருடத்துக்கு ஒரு நாள் தீயணைப்பு நிலையத்தில் ஊரே கூடிச் சாப்பிடும்போது கைதட்டுவார்கள்.

விஸ்கான்சின் மாநிலத்தில் எங்களுடையதைப் போன்ற சின்ன ஊர்களில் தீயணைப்பவர்கள் எல்லாரும் தொண்டர்களே. மதுக்கடைக்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், பல் மருத்துவர் என்று யார் யாரோ. சங்கு ஊதினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பல் மருத்துவர் ஒருமுறை திறந்த வாயோடு ஒருவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

இதை ஊரின் சேவை மனப்பான்மை என்று பாதிரியார் புகழ்வார். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. கழிவறைத் தாள் ஆலை இங்கே வந்தபோது, அதற்கு இருபது வருட வரிவிலக்கைத் தட்டில் வைத்து நீட்டியது ஊராட்சி. ஆலை கொழுத்தது, சம்பளத்துக்கு ஒரு தீயணைப்பு ஆளை வைக்க ஊரிடம் காசில்லை. சேவை மனப்பான்மை அங்கேதான் பிறந்தது.

ஐம்பத்தெட்டு வயதில் இர்மாவின் குரல் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கும். முன்பு உணவுவிடுதியில் பரிமாறிக்கொண்டிருந்தவள். ஒரு பனிக்காலத்தில் ரயிலுக்கு ஆள் கிடைக்காமல் அந்த ரயில்வேயின் முதலாளி எமெரி டோல் அங்கே காபியைப் பார்த்துப் புலம்ப, "பொலம்பாதீங்க, நான் வர்றேன்" என்று ஏப்ரனைக் கழற்றியவள், பிறகு அதைக் கட்டவே இல்லை. தீயணைப்பு வண்டி அவளிடம் வந்ததற்கும் பெரிய காரணமில்லை. அதைப் பின்னால் எடுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ரயில்வே என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு எஞ்சின், அதை ஓட்டும் கிளெட்டஸ் வாண்டர்லூப், இர்மா. சரக்கு முழுவதும் அந்த ஆலையுடையது. மரக்கூழ் உள்ளே போகும், தாள் வெளியே வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ரயில் ஆலைக்குப் போகும் வழியில் கடைத்தெரு கேட்டைக் கடந்துகொண்டிருந்தபோது சங்கு ஊதியது. கிளெட்டஸும் தீயணைப்புத் தொண்டர்தான்; இருவரும் ரயிலை நிறுத்தினார்கள். இர்மா ஒழுங்குக்காரி; ஆளில்லாமல் விடும் ரயில் தானாக உருளக்கூடாது என்று ஒவ்வொரு பெட்டியாக ஏறிக் கைப்பிரேக்கை இறுக்கினாள். பிறகு இருவரும் மூச்சிரைக்கத் தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினார்கள். இர்மா வண்டியைக் கிளப்பினாள். கடைத்தெருவில் திரும்பியதும் நீளமாக ஒரு சரக்கு ரயில் சாலையை மறித்துக்கொண்டு நின்றது.

இர்மா ஹாரனை அழுத்திப் பிடித்தாள். "எந்த மடையன்யா இங்க கொண்டாந்து நிறுத்துனது?"

பக்கத்தில் இருந்த கிளெட்டஸ் தொண்டையைச் செருமினார். "நாமதான் தாயி."

"யோவ் பெருசு! நிறுத்தும்போதே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீதான் பிரேக்க இறுக்கு இறுக்குன்னு இறுக்கிக்கிட்டு இருந்தியே. குறுக்க பேசுனா கத்துவே."

இறுக்கியதை எல்லாம் தளர்த்தி, ரயிலை நகர்த்தி, அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆலையின் தாள் கிடங்கு எரிந்துகொண்டிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. எந்திரக் கூடத்தின் ஒரு பாதியைக் காப்பாற்றினார்கள். மறுநாள் வரைக்கும் ஊர்மேல் தாள் சாம்பல் பனிபோல் விழுந்தது. பாதிரியார் ஆண்டவனின் சோதனை என்றார். எளிதில் தீப்பிடிக்கும் காகிதத் தூசியைப் பெருக்கும் ஆட்களை ஆண்டவன் வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆலைதான் நிறுத்தியது. தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களின் பம்பு பழுதாகி ஒரு வருடம். அங்கே வேலை பார்த்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

மரக்கூழ் வரத்து நின்றது. எஞ்சின் கொட்டகையில் தூங்கியது. அடுத்த வாரம் ஆலையின் தலைமையகத்திலிருந்து வின்ஸ்லோ என்ற அதிகாரி வந்தார். ஆலையைத் திரும்பக் கட்டப்போவதில்லை, தீயணைப்பு வண்டியை ரயில் மறித்ததால்தான் எல்லாம் எரிந்தது, நஷ்டஈடு கேட்டு ரயில்வேமேல் வழக்குப் போடுவோம் என்றார். அந்த இரண்டு பேரையும் வேலையை விட்டுத் துரத்தினால் யோசிக்கலாமாம். எமெரி பயந்த மனிதர். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருவரையும் துரத்தினார். ஊரில் ஆளுக்கு ஆள் இர்மாவைப் பார்த்து, "ஆலையக் கொளுத்துன அம்மா" என்று சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள். ஆனால் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு வின்ஸ்லோவுக்கு ஒரு சிக்கல் வந்தது. தீயில் தப்பியதில் மதிப்புள்ளது ஒன்றே ஒன்று: தாளைக் காயவைக்கும் பிரம்மாண்டமான இரும்பு உருளை. அதை வேறு மாநிலத்து ஆலைக்கு விற்றுவிட்டார். அந்தக் கனத்தை எங்கள் ஆற்றின் மேலுள்ள சாலைப் பாலம் தாங்காது. ரயிலில்தான் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை ராச்சாப்பாட்டுக்கு வறுத்த மீன் தின்ன ஊரே மதுக்கடையில் கூடும். அங்கே வந்து எமெரியின் மேஜையருகே நின்றார் வின்ஸ்லோ.

"திங்கக்கிழமை ஒரு ரயில் வேணும், மிஸ்டர் டோல்."

"ரயில் இருக்குங்க."

"நல்லது."

"ஓட்டத்தான் ஆளில்ல. நீங்க துரத்தச் சொன்னீங்க, துரத்திட்டேன்." எமெரி மீனைப் பிய்த்தார். வின்ஸ்லோவை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டார்.

கடையே திரும்பிப் பார்த்தது. எமெரியே வற்புறுத்தி அழைத்து வந்திருந்த இர்மா மூலையில் இருந்தாள். வின்ஸ்லோ அவளிடம் போனார்.

"அம்மா, பழசெல்லாம் மறந்துடலாமே."

"எனக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி, சார். அன்னைக்கு ரயில் அங்க நின்னுச்சு, நாந்தான் நிறுத்துனேன். தப்புதான். ஆனா ஒண்ணு சொல்லுங்க. ரயில நிறுத்தாம போயிருந்தா தீயணைப்பு வண்டிய யாரு ஓட்டியிருப்பா?"

"வண்டி ஓட்டுறவர்..."

"அது நாந்தான். ரயில்ல இருந்து எறங்காம வண்டிய எப்படி ஓட்டுவேன்? சம்பளத்துக்கு ஒரு ஆளு வச்சிருந்தா அவன் ஓட்டியிருப்பான். வைக்க ஊருகிட்ட ஏது காசு? நீங்கதான் வரியே கட்டலையே!"

மதுக்கடைக்காரர் மேஜையைத் தட்டினார். கிளெட்டஸ் வாயில் மீனோடு, "கேளு தாயி, இன்னும் கேளு" என்றார்.

இர்மா மூன்று கேட்டாள். வழக்கு வேண்டாம். இருவருக்கும் வேலை திரும்ப வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு இரண்டு ஆட்களைச் சம்பளத்துக்கு வைக்க, இந்த வருட வரியை ஆலை கட்ட வேண்டும்.

"தலைமையகத்தக் கேக்கணும்," என்றார் வின்ஸ்லோ.

"கேளுங்க. உருளைக்கு ஒண்ணும் அவசரமில்ல."

வெளியே பனியில் நின்று அவர் போனில் பேசியதைக் கண்ணாடி வழியே கடையே வேடிக்கை பார்த்தது. திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது. மூன்றுக்கும் சம்மதம். வக்கீல் எழுதிக் கையெழுத்தானதும் ரயில் என்றாள் இர்மா. "அப்புறம், எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டுப் போங்க. தீ எதனால?"

வின்ஸ்லோ கதவைப் பார்த்தார். கதவை மறித்துக்கொண்டு பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் நின்றார். "பம்பு," என்றார் வின்ஸ்லோ மெதுவாக.

"பின்னால கேக்கலயாம்."

"பம்பு!"

உருளையோடு ரயில் புறப்பட்டபோது ஆலைத் தொழிலாளர்கள் கேட்டருகே வரிசையாக நின்றார்கள். யாரும் கைதட்டவில்லை. அவர்கள் பிழைப்பும் அதோடு போகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

கிளெட்டஸ் கேட்டார்: "கடைசி சரக்கு இதான். அப்புறம் என்னத்த இழுக்கறது?"

"எதையும் இழுக்க வேணாம். பெரிய ரயில் கம்பெனிங்ககிட்ட சும்மா கெடக்கற காலிப் பெட்டிங்க ஆயிரக்கணக்குல இருக்கு. நிறுத்த எடமில்லாம அலையறானுங்க. நம்ம தண்டவாளம் பூரா காலி. நாள் வாடகைக்கு விடச் சொல்லி மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

"ரயில்வேக்காரங்க ரயில நிறுத்தியா பொழைக்கறது?"

"அதுல நமக்கு அனுபவம் இருக்குல்ல, பெருசு."

வசந்தத்தில் ஏரிக்கரைத் தண்டவாளம் நெடுகக் காலிப் பெட்டிகள் நின்றன. கரையில் கோடை வீடு கட்டியிருந்த கனவான்கள் முறையிட வந்தார்கள்: ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியவில்லை.

"ஏரி அங்கேயேதான் இருக்கும், சார்," என்றாள் இர்மா. "வேலைதான் போனா வராது."