வெள்ளிக் கையில் சத்துருண்டை

இன்று மாலை விஸ்வநத்தம் விலக்கில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பட்டாசு கம்பெனி வேனிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். முழங்கை வரை வெள்ளி பூசினாற்போல அலுமினியப் பொடி. கம்பெனியில் இன்று தண்ணீர் லாரி வராததால் கழுவவில்லையாம்.

அங்கே ஒரு ஃபிட்னஸ் கோச் போனோடு காத்திருந்தார். அவர்களை நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, குனிய வைத்து, ஆளுக்கொரு சத்துருண்டை கொடுத்தார்.

"கேமராவப் பார்த்துக் கடிங்கக்கா."

"தம்பி, முதல்ல கை கழுவட்டும். பொடி வயித்துக்குள்ள போகும்" என்றேன்.

"வெளிச்சம் போயிரும் டீச்சர். இது சுத்தமான புரோட்டீன்."

"உருண்டை சுத்தந்தான். கை?"

"நெகட்டிவாப் பேசாதீக. இவுக ஹெல்த்துக்குத்தான நானே வந்திருக்கேன்."

சொல்லிப் புரியாதவர்களுக்கு உதாரணம் காட்டுவது என் பழைய வழக்கம். அந்தப் பெண்களில் எனக்குத் தெரிந்த மாரியம்மாள் பசியோடு உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனாள். அவளை நிறுத்தினேன்.

"மாரி, அதுல ஒரு வாய் தம்பிக்கு ஊட்டிவிடு."

அவள் சிரித்துக்கொண்டே நீட்டினாள். "வாங்கிக்கோங்க தம்பி, நல்ல சத்து."

கோச் ஒரே எட்டில் பின்னால் குதித்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

டீக்கடைக்காரர் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்தார். எல்லாரும் கழுவிவிட்டு, வேறு உருண்டை கேட்டு வாங்கித்தான் தின்றார்கள்.

வீடியோ இப்போது வந்துவிட்டது. கை தூக்குவது இருக்கிறது, குனிவது இருக்கிறது. பின்னால் குதிக்கும் பயிற்சியை மட்டும் காணோம். அதைச் சாப்பாட்டுக்கு முன் செய்ய வேண்டுமா, பின்னா? அவரிடம் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.