வளையல் உடைந்த யோகா வகுப்பு

எண்பதுகளின் தொடக்கம். டெல்லி கரோல் பாகில் மூன்று மாடி ஏறினால் வரும் மொட்டை மாடி அறையில், டெல்லிக்காரர்கள் பர்சாத்தி என்பார்களே, அதில் நானும் கணவரும் குடியிருந்தோம். அவருக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை.

எனக்கு அது இரண்டாவது கர்ப்பம். முதலாவது ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அதனால் தும்மினால் பயம், குனிந்தால் பயம். தூக்கமும் போயிற்று. ரயில் பயணம் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் பிறந்த வீட்டுக்கும் போக முடியவில்லை. அம்மாவே மதுரையிலிருந்து வந்து வளைகாப்பு நடத்தி, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்களை அடுக்கிவிட்டார். பிரசவம் வரை ஒன்றும் உடையாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். போதாதா எனக்கு? ராப்பகலாகக் கையைக் காவல் காத்தேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு பஞ்சாபி அம்மாள் கர்ப்பிணிகளுக்கு யோகா சொல்லித்தந்தார். டாக்டரம்மாதான் என்னை அங்கே அனுப்பினார். வளையலைக் கழற்றச் சொன்னார் டீச்சர்; நான் அசையவில்லை. சரி, கையை ஆட்டாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் செய் என்று விட்டுவிட்டார். கொஞ்ச நாளிலேயே இடுப்புவலி குறைந்தது. தூக்கமும் வந்தது. என் குறட்டையைப் பற்றிக் கணவர் புகார் சொல்லும் அளவுக்கு!

ஆசை யாரை விட்டது? ஒரு நாள் எல்லோரையும் போல நானும் கைகளைத் தூக்கினேன். சுவரில் இடித்து வளையல் உடைந்தது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து சுருண்டவள்தான், வகுப்புப் பக்கமே போகவில்லை. மறுபடியும் தூக்கம் இல்லை. கணவர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். கடைசியில் எனக்குத் தெரியாமல் டீச்சரிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

மறுநாள் மாலை படிக்கட்டில் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கும் சத்தம். எட்டிப் பார்த்தால், டீச்சர் முன்னால், வகுப்பிலிருந்த அத்தனை கர்ப்பிணிகளும் பின்னால், இடுப்பில் கையை ஊன்றி நின்று நின்று ஏறி வருகிறார்கள்! ஆளுக்கொரு வளையல் வாங்கி வந்து என் கையில் போட்டுவிட்டார்கள்.

"உடைந்தால் உடையட்டும் பேட்டி, ஹம் ஹைன் நா" என்றார் டீச்சர். மகளே, நாங்கள் இருக்கிறோமே என்று அர்த்தம். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.

கணவர் அவசரமாக எலுமிச்சம்பழச் சோறு கிளறினார். உப்பு தூக்கல். அச்சா, அச்சா என்று அவர்கள் வழித்துச் சாப்பிட்டார்கள். எல்லோரும் போனபின் அவர் மெதுவாகச் சொன்னார்: "இத்தன பேரு வயித்தச் சொமந்துக்கிட்டு மாடி ஏறி வந்திருக்காங்க. நீ எறங்கி ஒரு தெரு நடக்க மாட்டேங்குற."

காலையில் முதல் ஆளாக வகுப்பில் நின்றேன், கையைத் தாராளமாகத் தூக்கிக்கொண்டு. பிரசவ வலி வந்தபோது அங்கே பழகிய மூச்சுதான் என்னைப் பதறாமல் பிடித்து வைத்தது. எத்தனை வளையல் உடைந்ததென்று நான் பார்க்கவேயில்லை. கொழுகொழுவென்று மகள் பிறந்தாள்.

பயப்படாதே என்று எனக்குச் சொன்னவர்கள் ஏராளம். அதைச் சொல்வதற்காக மூச்சிரைக்கப் படியேறி வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். அதனால், யாராவது பயந்துபோய் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டால், மூட்டுவலியைப் பார்க்காமல் இன்றும் நான் நேரே கிளம்பிப் போய்விடுகிறேன்.