இளங்கொடி விழுகிறவரை

எங்கள் பசுவுக்கு அது தலையீத்து. விடிந்த கொஞ்ச நேரத்தில் கிடாரிக்கன்று நல்லபடியாக விழுந்துவிட்டது. கழுகுமலை முருகன் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். ஆனால் கன்றுக்குப் பின்னால் விழ வேண்டிய நஞ்சுக்கொடி, நாங்கள் இளங்கொடி என்போம், அது விழவில்லை. பாதி வெளியே தொங்க, மீதி உள்ளேயே நின்றுவிட்டது. அது உள்ளே அழுகினால் மாடு பிழைக்காது. மிளகாயும் பருத்தியும் கைவிட்ட அந்த வருஷத்தில் எங்களுக்கு மிச்சமிருந்தது அந்த மாடு ஒன்றுதான்.

எட்டயபுரம் வரை சைக்கிளில் போய், டெலிபோன் பூத்திலிருந்து கோவில்பட்டி மாட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். "யாரும் இழுத்துராதீங்க. கர்ப்பப்பையும் சேர்ந்து வந்துரும். இன்னைக்குப் பூரா பாருங்க. விழலைன்னா காலையில நான் வாரேன்" என்றார்.

நான் இயல்பிலேயே கவலைப்படுகிறவன். முருகன் காலடியில் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு, எழுந்திருக்கும்போது திரும்பத் தூக்கிக்கொண்டு வருகிற ஆள். அந்த நாட்களில்தான் ஓர் ஆன்மீக மாத இதழில் தாவோ என்கிற சீனத்து நெறியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு முக்கால்வாசி பிடிபடவில்லை. பிடிபட்டது இவ்வளவுதான்: தண்ணீருக்குப் பள்ளம் போல ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்கு இருக்கிறது, பதறிப்போய் நடுவில் கையை விட்டுக் கலக்காதே. நம் பெரியவர்கள் சும்மா இரு என்றதும் இதைத்தானே என்று பட்டது. படிக்கையில் சுகமாக இருந்தது. தொழுவில் நிற்கையில் கை தானாகக் கொடியை நோக்கிப் போனது.

மத்தியானம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒரு டயர்ச் செருப்பும் கயிறுமாக வந்தார். கொடியில் செருப்பைக் கட்டித் தொங்கவிட்டால் எடைக்கு இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"மாட்டைப் பிடிங்க தம்பி."

"வேண்டாம் அண்ணாச்சி. டாக்டர் இழுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"நாம எங்க இழுக்கோம்? செருப்புல்லா இழுக்கப் போகுது!"

என் வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அண்ணாச்சி சொல்லுததைக் கேளுங்களேன். காலையிலயிருந்து மரம் மாதிரி நிக்கீங்க. மாடு போச்சுன்னா அந்தச் சீனாக்காரனா வந்து பால் கறந்து தரப் போறான்?"

மாடு முதுகை வளைத்து முக்கியது. கொடி அசைந்தது, இறங்கவில்லை. கட்டித்தான் பார்த்தால் என்ன என்றது மனது. செருப்பை அவர் கையிலிருந்து வாங்கினேன். வாங்கி, கீழே போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? மாடு செத்தா எங்கிட்ட வந்து அழாத!" தம்பி என்றவர் ஏலே என்றுவிட்டுப் போய்விட்டார்.

கொடியைக் கொத்த வந்த காக்கைகளை விரட்டினேன். வேப்பங்குழையால் ஈ ஓட்டினேன். பயம் போகவில்லை. வெயில் தாழ்ந்தது. மூலையில் கட்டியிருந்த கன்று பசியில் கத்திக்கொண்டே இருந்தது. இளங்கொடி விழுகிறவரை கன்றைப் பால் குடிக்க விடக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான். காலையில் அதைப் பிடித்துக் கட்டியவன் நான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கலக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறவன், தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு கயிற்றைப் போட்டல்லவா வைத்திருக்கிறேன்?

எழுந்து அவிழ்த்துவிட்டேன்.

"ஐயோ, அதையும் கெடுக்குதீங்களே!" என்று அவள் அழுதேவிட்டாள். தப்பாகப் போனால் இந்தப் பழி என்னோடுதான். கன்று தள்ளாடிப் போய் மடியை முட்டியது. மாடு அதை நக்கியது. முக்குவதை நிறுத்தி அசையாமல் நின்றது. என் வாய்க்குள் முருகா முருகா என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

கன்று குடித்து முடித்துப் படுத்த பிறகு, கொடி முழுசாகச் சொத்தென்று விழுந்தது.

நான் அப்படியே கைகூப்பிவிட்டேன். மாடு திரும்பி அதை முகர்ந்தது. தின்றுவிட்டால் பால் வற்றிப்போகும் என்பார்கள்.

"ஏங்க, வாயை வச்சிட்டு! இப்பவும் சும்மா நிக்காதீங்க!"

பாய்ந்தேன். ஒரு முனை மாட்டின் வாயில் இருந்தது. மறு முனையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சறுக்கி விழப்போன என் இடுப்பை அவள் பிடித்துக்கொண்டாள்.