காண்டோ அண்ணன் வெட்டிய மிட்டாய்த் தாள்

எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். பெயர் மயுமி. கொட்டாவி விட்டால் அவளுக்கு மூக்கு சுருங்கும். என் அம்மாவுக்கும் அப்படித்தான் சுருங்கும். நான் பால் ஊற்றுகிற வீடுகளில் இதைக் கேட்காத வீடு கிடையாது. "முதல்ல பாலை ஊத்து, அப்புறம் பேசு டெபன்" என்று திட்டுகிறார்கள். திட்டட்டும்.

ஆனால் இப்போது சொல்ல வந்தது மயுமியின் இன்னொரு தாத்தாவைப் பற்றி. அவர் காண்டோ அண்ணன். என் மகன் டெல்பின் கட்டிக்கொண்ட நிங்னிங்கின் அப்பா.

எங்கள் ஊர் சான் மிகேலில் சந்தைக்குப் பின்னால் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு ரேடியோ. தலைக்கு ஒரு கத்தரி, தாளுக்கு ஒரு கத்தரி. தாள் கத்தரியை யாராவது தொட்டால் கத்துவார். இளவயதில் மணிலாவில் தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி ரொசெண்டாவைக் கட்டினார். ரொசெண்டா எருமைப்பாலைச் சுண்டக் காய்ச்சிப் பால் மிட்டாய் செய்கிறவள். பால் எங்கள் வீட்டுப் பால். அந்த மிட்டாய்க்குச் சுற்றத் தாள் வேண்டும் என்றுதான், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மெல்லிய ஜப்பான் தாளை மடித்து வெட்ட ஆரம்பித்தார்.

பென்சில் கோடெல்லாம் போடமாட்டார். ஓலைக் குடிசை, நெல் குத்தும் ஜோடி, மல்லிகைக் கொடி என்று கத்தரி நுனியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வரும். மிட்டாய் விரல் அளவுதான். அதைச் சுற்றிய தாளுக்கு முழங்கை நீளத்துக்கு வால். கண்ணாடிக் குவளையில் மிட்டாய்களை நிறுத்தி வைத்தால் வால்கள் மேசை வரைக்கும் தொங்கும். கல்யாணமோ திருவிழாவோ, வந்தவர்கள் மிட்டாயைத் தின்றுவிட்டு வாலை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

ரொசெண்டா செத்தபோது நிங்னிங் சின்னக் குழந்தை. காலையில் மகளுக்குச் சடை பின்னிவிட்டுத்தான் காண்டோ அண்ணன் கடையைத் திறப்பார். நாற்காலியில் உட்காருகிற எல்லோரிடமும் ஒரே பேச்சு.

"எம் பொண்ணு கல்யாணத்துல பாரு. ஒரு தாள்ல இருக்கிற படம் இன்னொரு தாள்ல இருக்காது. ஊரே வாயப் பொளக்கும்."

என் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண்ணைத்தான் என் மகன் கூட்டிக்கொண்டு ஓடினான். நர்ஸ் படிப்பு முடியட்டும், அப்புறம் வந்து கேளுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். இரண்டுக்கும் பொறுக்கவில்லை. வெளியூரில் கையெழுத்துப் போட்டு, ஒரு சாப்பாட்டுக் கடையில் நூடுல்ஸ் தின்று, கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்து என் வாசலில் நின்றார்கள். தாள் வெட்டுகிற காண்டோவின் மகளுக்கு, ஒரு மிட்டாய்த் தாள்கூட இல்லாத கல்யாணம்.

அவர் சண்டைக்கு வரவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். டெல்பின் சவாரிக்கு ஓட்டுகிற, பக்கப்பெட்டி வைத்த மோட்டார் ட்ரைசைக்கிள் கடை முன்னால் போனால் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார், அதில் உட்கார்ந்திருக்கும் ஆளோடு சேர்த்து. நானும் வேறு கடைக்கு மாறிவிட்டேன். கழுத்தில் கத்தி வைக்கிற ஆள் நம்மேல் கோபமாக இருந்தால் எப்படி உட்காருவது?

மயுமி பிறந்ததும் ஞானஸ்நானத்துக்கு நாள் பார்க்கலாம் என்றேன். நிங்னிங் முடியாதென்று தலையை ஆட்டினாள்.

"எங்கப்பா வராம எம் பிள்ளை தலையில தண்ணி ஊத்த விடமாட்டேன் மாமா."

"வரலேன்னா?"

"வர்ற வரைக்கும் இவ இப்படியே இருக்கட்டும்."

என் மனைவி சியோனி அன்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். ஞானஸ்நானம் ஆகாத குழந்தை மேல் எந்தக் காற்று பட்டாலும் அவளுக்குப் பயம்.

யோசித்துப் பார்த்தேன். நாங்கள் முறைப்படி பெண் கேட்டுப் போகவில்லை. அவருக்கு அதுதானே குறை? இப்போது போனால் என்ன?

"கையில பேத்தியத் தூக்கிக்கிட்டுப் பொண்ணு கேக்கப் போற மொத ஆளு நீதான்யா" என்றாள் சியோனி. ஆனாலும் இலையில் கட்டிய பச்சரிசிப் பலகாரம் அவித்தாள், கோழி வறுத்தாள், நூடுல்ஸ் கிளறினாள். பால் மிட்டாய் என் பொறுப்பு. நல்ல காரியத்துக்கு வெறும் மிட்டாயைக் கொண்டுபோக முடியுமா? பக்கத்து ஊரில் ஒருவனிடம் தாள் சுற்றி வாங்கி வந்தேன். சிவப்பு, பச்சை, நீள நீளமாக வால். யாருக்கும் காட்டாமல் மூடி வைத்திருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து கடைக்குப் போனோம். காண்டோ அண்ணன் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. குழந்தையையும் பார்க்கவில்லை.

"அண்ணே, பொண்ணு கேட்டு வந்திருக்கோம்" என்றேன்.

துடைப்பம் நிற்கவில்லை. சியோனி பெஞ்சில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். கடைசியாக நான் மிட்டாய்க் குவளையை எடுத்து நடுவில் வைத்தேன்.

துடைப்பம் நின்றது. "மாமா, இதை எங்க வாங்கினீங்க?" என்று நிங்னிங் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. யார் கடைக்கு யார் வெட்டிய தாளைக் கொண்டுவந்திருக்கிறேன்!

காண்டோ அண்ணன் ஒரு மிட்டாயை வாலைப் பிடித்துத் தூக்கினார், செத்த பல்லியைத் தூக்குவது போல.

"பால்காரரே, இது என்ன?"

"மிட்டாய் அண்ணே."

"அது தெரியுது. மேல சுத்தியிருக்கே, இது என்ன?"

"தாள்..."

"இதுக்குப் பேரு தாளா? எலி கடிச்சுப் போட்டத என் கடைக்குக் கொண்டாந்தியா?"

"பூ வெட்டியிருக்கான் அண்ணே."

"பூவா? நான் பன்னிக் காதுன்னுல்ல நெனச்சேன்."

நிங்னிங்கால் அடக்க முடியவில்லை. குபீரென்று சிரித்துவிட்டாள். அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. டெல்பின் வாசல் பக்கம் நகர்ந்தான்.

"ஓடிராத. அதுலதான் நீ கெட்டிக்காரனாச்சே" என்றார்.

தூங்கிக்கொண்டிருந்த மயுமி இந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டு, தொங்கிய வாலை எட்டிப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள்.

"பாத்தியா? எம் பேத்திக்கே புடிக்கல. இதத்தான் ஞானஸ்நானத்துக்கு வைக்கப் போறீங்களா?"

எம் பேத்தி என்கிறார்! நான் வாயைத் திறக்கப் போனேன். சியோனி என் தொடையில் கிள்ளினாள்.

"வேற யாரு வெட்டித் தருவா அப்பா?" என்றாள் நிங்னிங். "நீங்கதான் எங்ககூடப் பேசறதே இல்லையே."

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். கை கழுவித் துடைத்துக்கொண்டு, தாள் கத்தரியை எடுத்தார். இன்னொரு கத்தரியை டெல்பின் பக்கம் நீட்டினார்.

"பொண்ணு கட்டறவன் மாமனார் வீட்டுக்குத் தண்ணி தூக்குவான், வெறகு பொளப்பான். நீ ஒரு வாளி தண்ணி தூக்கியிருப்பியா? உக்காருடா. வால் ஓரத்துல குஞ்சம் வெட்டு."

அன்றிலிருந்து டெல்பின் சவாரி முடித்ததும் கடைக்குப் போனான். பெற்றவன் என்ற குற்றத்துக்காக நானும் போனேன். தலைகளுக்கு நடுவே தாள் வேலை நடந்தது. முடிவெட்ட வந்தவர்கள் முடிந்த பிறகும் போகாமல் வேடிக்கை பார்த்தார்கள்.

"பிரேக் போடற மாதிரி வெட்டாதடா. மூச்சப் புடிச்சுக்கிட்டு மெதுவா விடு."

ஒருநாள் டெல்பின் கை தவறி, அவர் வெட்டி வைத்திருந்த குடிசையின் கூரையைச் சீவிவிட்டான். அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"வீடு கட்டாம கல்யாணம் பண்ணவன் கையில குடிசையக் குடுத்தது என் தப்பு" என்றார். கீழே இரண்டு வளைவு வெட்டினார். குடிசை படகாகிவிட்டது.

ஆனால் ஞானஸ்நானத்துக்கு வருவாரா என்று கேட்டால் மட்டும், "தாள் வரும்" என்பார்.

"நீங்க அண்ணே?"

"ஞாயித்துக்கிழமைதான் கூட்டம். கடையத் தொறக்கணும்."

நிங்னிங்கிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதிரியாரிடம் நாள் வாங்கியாகிவிட்டது. அப்பா வராவிட்டால் அவள் குழந்தையோடு கோவில் வாசலிலேயே திரும்பிவிடுவாள்.

ஞானஸ்நானத்தன்று காலை நானும் டெல்பினும் தாள் சுற்றிய மிட்டாய்களை எடுக்கப் போனோம். குவளைகள் வரிசையாக நின்றன. வால்களைப் பார்த்தேன். மீன், கொக்கு, உரல், படகு, ஊஞ்சல். ஒரு படம் இன்னொன்றில் இல்லை. மகள் கல்யாணத்துக்கென்று சொல்லி வைத்திருந்த பேச்சை இதில் நிறைவேற்றியிருந்தார்.

டெல்பின் குவளையைத் தூக்கினான்.

"வை கீழ! வண்டியில காத்தடிச்சா வால் ஒண்ணு மிஞ்சுமா? யாரு புடிச்சுக்குவா?"

"அப்பா புடிச்சுக்குவாரு மாமா."

அவர் என் கையைப் பார்த்தார். பால் கேன் தூக்குகிற கை. பெருமூச்சு விட்டார். ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். சட்டைக்கு ஏற்கெனவே இஸ்திரி போட்டிருந்தது. நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

"நீ பின்னால உக்காரு பால்காரரே" என்று சொல்லிவிட்டு, ட்ரைசைக்கிளின் பக்கப்பெட்டியில் ஏறிக் குவளைகளை முழங்காலுக்கு நடுவே அணைத்துக்கொண்டார். "மெதுவாப் போடா. எம் பொண்ணக் கூட்டிக்கிட்டு ஓடினப்ப ஓட்டின மாதிரி ஓட்டாத."

கோவில் வாசலில் நிங்னிங் வெயிலில் காத்து நின்றாள். அப்பா இறங்குவதைப் பார்த்ததும் குழந்தையோடு அவர் பக்கம் வந்தாள். அவர் குவளைகளை என்னிடம் தள்ளிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

அன்று நிறையக் குழந்தைகள். ஞானஸ்நானம் முடிந்ததும் முதலில் வாசலைத் தாண்டுகிற குழந்தைக்கு வாழ்க்கை நன்றாக அமையும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் அடித்துப் பிடித்து வெளியே போவார்கள். மயுமியை ஏந்தியிருந்த ஞானத்தாய் குதிகால் செருப்பில் தடுமாறினாள். காண்டோ அண்ணன் குழந்தையை அவளிடமிருந்து வாங்கினார், ஓடினார். வெள்ளைச் சட்டை பறக்க, பெஞ்சுகளுக்கு நடுவே, பாதிரியார் பார்க்கப் பார்க்க ஓடினார்.

"மாமா, ஓடறீங்களே!" என்று டெல்பின் பின்னால் கத்தினான்.

"பேசாம வாடா!"

முதலில் வெளியே வந்தது எங்கள் மயுமிதான்.

மதியம் என் வீட்டில் விருந்து. அவர் யாரையும் மேசைக்குப் பக்கத்தில் விடாமல் ஒவ்வொரு வாலையும் நீவி நீவித் தொங்கவிட்டார். மயுமி அவர் தோளில் கொட்டாவி விட்டாள்.

"மூக்கு சுருங்குது பாத்தீங்களா? எங்கம்மாவுக்கும்..." என்று ஆரம்பித்தேன்.

"ரொசெண்டாவுக்கும் இப்படித்தான்" என்றார். பிறகு மேசையைப் பார்த்து முகம் சுளித்தார். "சம்பந்தி, அந்த ஃபேனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க. வாலெல்லாம் பறக்குது."

ஓடிப்போய்த் திருப்பினேன்.