எங்கள் வீட்டில் ஓடிய ரியோ கிராண்டே

வீடு மாறுவதற்காக நடைபாதை விரிப்பைச் சுருட்டினேன். அடியில் ஓர் ஆறு கிடந்தது.

வாசலில் சப்பாத்துத் தட்டு நின்ற இடத்தில் தொடங்கி, குளியலறைக் கதவடியில் ஒரு பெரிய வளைவு எடுத்து, சமையலறையை நோக்கிப் போகும் நீல ஆறு. மின்கம்பியில் சுற்றுகிற ஒட்டுநாடாதான். சமையலறைக்குள் போன பகுதி, கழுவித் துடைத்ததில் எப்போதோ இல்லாமல் போய்விட்டது. கடலில் கலந்துவிட்டது என்றும் சொல்லலாம். முழந்தாளிட்டு மணந்து பார்த்தேன். மணந்து பார்க்க ஒரு தேவையும் இல்லை, ஆனால் நான் அப்படித்தான். பழைய பசையும் ரப்பரும் கலந்த வாசம். அந்த வாசத்தோடு யோகண்ணை நினைவில் வந்து வாசலில் நின்றார்.

அந்த ஆற்றை ஒட்டியது 2007 வசந்தத்தில். 2006 என்று மனைவி இன்றும் சாதிப்பாள். உலகக்கிண்ண உதைபந்தாட்டத்துக்காக வாங்கிய தொலைக்காட்சியைத்தான் நாங்கள் டாலஸ் நகரமாக வைத்திருந்தோம். ஆகவே 2006 கோடைக்குப் பிந்தியதாகத்தான் இருக்க வேண்டும். தொலைக்காட்சி எப்படி டாலஸ் ஆனது என்று கேட்பீர்கள். வருகிறேன்.

யோகண்ணை பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பயணப்பொதிகள் ஏற்றுகிறவர். உலகம் முழுவதற்கும் பெட்டி அனுப்பியவர், தான் மட்டும் எங்கும் போனதில்லை. கையில் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பாஸ்போட். அவருடைய ஒரே அக்கா ஹூஸ்டனில் இருந்தார். அக்காவின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். சாமத்தியவீட்டில் பிள்ளைக்கு முதல் தண்ணீர் வார்க்க வேண்டியவர் தாய்மாமன். கோடை விடுமுறைக்கு மண்டபம் எடுத்தாகிவிட்டது. விசா கிடைக்காவிட்டால், அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரை நிறுத்தி வார்ப்பிப்பது என்று ஹூஸ்டனில் பேச்சு அடிபட்டது. அந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து யோகண்ணை சரியாகச் சாப்பிடவில்லை.

அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் நேர்முகத்துக்கு Termin என்று நாளும் நேரமும் எடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். மருமகளுக்குத் தண்ணீர் வார்க்கப் போகிறேன் என்று உள்ளதைச் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

“உண்மையைச் சொன்னா ஆர் தம்பி நம்புவான்?” என்றார்.

நீங்கள் சிரிக்கலாம். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய எங்கள் ஆட்களுக்கு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி என்றால் அது அகதி விசாரணைதான். அதற்கு முன் நாலு பேர் கூடி இருந்து கேள்வி கேட்டு, பதில் கேட்டு, மனிதரைத் தேற்றி அனுப்புவது வழக்கம். எங்கே தடுக்குப்படுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தீட்டுவோம். இருபது வருடங்கள் கழித்து, ஒரு சாமத்தியவீட்டுக்கும் அதே ஏற்பாடு. அவர் சுற்றுலாப் பயணி, டெக்சாஸைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று தீர்மானமாயிற்று.

என்னிடம் ஏன் வந்தார் என்றால், எங்கள் வட்டாரத்தில் டெக்சாஸ் அறிஞன் நான்தான். நகர நூலகத்திலிருந்து ஒரு ஜெர்மன் பயண நூலை எடுத்து, இரண்டு தரம் புதுப்பித்து வாசித்திருந்தேன். அந்த ஒரு நூல் போதும், போகாதவர்கள் நடுவில். முதல் நாளே, 1836இல் அலமோக் கோட்டை வீழ்ந்ததையும் 1845இல் டெக்சாஸ் ஐக்கிய அமெரிக்காவில் சேர்ந்ததையும் விரிவாகச் சொன்னேன். யோகண்ணை நித்திரையாகிவிட்டார்.

எழுதிப் பாடமாக்குவதும் அவருக்கு ஏலாது. ஆனால் எந்தப் பெட்டி எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கால் நினைவில் வைத்திருக்கிற மனிதர். ஆகவே டெக்சாஸையே வீட்டுக்குள் கொண்டுவந்தோம். நீல நாடாவால் ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டினேன். சப்பாத்துத் தட்டு எல் பாசோ. ஆறு வளைகிற குளியலறை வாசல் பிக் பெண்ட் தேசியப் பூங்கா. வரவேற்பறையில் கண்ணாடிக் கோப்பைகளும் பிள்ளையார்களும் அடுக்கிய ஷோகேஸ் அலமோக் கோட்டை. தொலைக்காட்சி டாலஸ். சமையலறை வாசலில் சோறு அவிக்கும் மின்பானை ஹூஸ்டன் விண்வெளி நிலையம், ஆவி வருவதால். பாத்திரம் கழுவும் தொட்டி கால்வெஸ்டன் கடற்கரை. டெக்சாஸ் ஜெர்மனியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல் பாசோவிலிருந்து ஹூஸ்டன் போகிற தூரத்தில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மூன்று தரம் போகலாம். எங்கள் வீட்டில் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும்.

மனைவி இஸ்திரி மேசைக்குப் பின்னால் அதிகாரியாக நின்றாள்.

“சொல்லுங்கோ அண்ணை, டெக்சாஸில என்னத்தைப் பாக்கப் போறியள்?”

“ஒபிசர் என்னை அண்ணை எண்டு கூப்பிடமாட்டா.”

“அப்ப பேரைச் சொல்லிக் கூப்பிடட்டோ? எனக்கு வாய் வராது.”

கடைசியில் அதிகாரி அண்ணை என்றே அழைப்பதென்று உடன்பாடு. யோகண்ணை சப்பாத்துத் தட்டிலிருந்து கிளம்புவார். ஆற்றோரமாக நடந்து குளியலறை வாசலில் திரும்பி, “இது பிக் பெண்ட், பள்ளத்தாக்கு பாக்கோணும்” என்பார். ஷோகேஸைத் தொட்டு “ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு” என்பார். அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு நிறையும். மின்பானையைக் கடந்து, தொட்டியில் கை நனைத்து, கால்வெஸ்டனில் முடிப்பார். இரண்டு வாரம் மாலையில் வேலை முடிந்ததும் டெக்சாஸ் சுற்றினார். குளியலறைக்குப் போவதென்றால் பிக் பெண்டுக்குப் போய் வருகிறேன் என்று சொல்லத் தொடங்கினோம்.

நேர்முக நாளில் நானும் போனேன். கைத்தொலைபேசியை உள்ளே விடமாட்டார்கள். அவருடையதை வாங்கி வைத்துக்கொண்டு, மதில் பக்கமாக நின்றேன். உள்ளே நடந்ததை அவர் வெளியே வந்து சொன்னார். பிறகு பல வருடம், பல கொண்டாட்டங்களில், சொல்லிக்கொண்டே இருந்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. ஜெர்மன் மொழியில் பேசினார். டெக்சாஸில் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அதே கேள்வி! யோகண்ணை எல் பாசோ என்று தொடங்கியதும் கால் நடக்கத் தொடங்கிவிட்டது. ஆற்றோரமாக இடது பக்கம் நாலு எட்டு வைத்து, அடுத்த கண்ணாடிக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்துக்குள் புகுந்துவிட்டார்.

எங்கே போகிறீர்கள் என்று ஒலிபெருக்கியில் அதிகாரி கேட்டார்.

பிக் பெண்டுக்கு என்று இவர் சொன்னார்.

தயவுசெய்து திரும்பி வந்து அசையாமல் நில்லுங்கள் என்றார் அந்தப் பெண். வந்து நின்றார். அசையாமல் நின்றதும் டெக்சாஸ் முழுவதும் அழிந்துபோய்விட்டது. ஆறு இல்லை, கோட்டை இல்லை. மின்பானை மட்டும் ஞாபகத்தில் நின்றது, அது எந்த நகரம் என்று தெரியவில்லை. அதிகாரி காத்திருந்தார். எல்லாவற்றிலும் முதலில் எதைப் பார்க்க ஆசை என்று, உதவி செய்வதுபோலக் கேட்டார்.

“மருமகளை,” என்றார் யோகண்ணை.

பிறகு அக்காவை, மண்டபத்தை, தண்ணீரை, எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லியிருக்கிறார். அந்தத் தண்ணீரை வேறு யாரும் ஊற்றக்கூடாதா என்று அதிகாரி கேட்டார். இவர் சொன்ன பதிலை அவருடைய வார்த்தையிலேயே தருகிறேன்.

“ஊத்தலாம். ஆனா அது வெறும் குளிப்பு எண்டு சொன்னன் தம்பி.”

அதிகாரி பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விசா ஒட்டித் தபாலில் வரும் என்று சொன்னார். நாங்கள் S-பான் ரயிலில் வீடு வந்தோம். வீட்டுக்குள் வந்ததும், சப்பாத்தைக் கழற்றாமல், எல் பாசோவிலிருந்து கால்வெஸ்டன் வரை ஒரு பிழையும் விடாமல் சொல்லிக்கொண்டு நடந்தார்.

போனார், தண்ணீர் வார்த்தார். முதல்தரம் போகிறவர்களுக்கு எங்கள் ஆட்கள் காட்டுகிற இடங்கள் எந்த நாட்டிலும் ஒன்றுதான்: சொந்தக்காரர் வீடு, அவர்களுடைய வாகனத் தரிப்பிடம், பெரிய கடை, மற்றச் சொந்தக்காரர் வீடு, அங்கே ஒரு கலியாண வீடியோ. யோகண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. பதினைந்து வருடம் டெக்சாஸில் இருந்தும் அலமோவைப் பார்க்காத குடும்பத்தை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு சான் அன்டோனியோ போய்விட்டார். அங்கிருந்து தொலைபேசி அட்டை சுரண்டி எனக்கு அழைப்பு எடுத்தார். அப்போது பிராங்பேர்ட்டில் மழை.

“தம்பி, அலமோவுக்கு முன்னால நிக்கிறன்.”

எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“உங்கட ஷோகேஸ் பெரிசு.”

அவர்கள் அனுப்பிய படத்தில் எல்லோரும் கோட்டையைப் பார்த்து நிற்க, யோகண்ணை மட்டும் கையை நீட்டி எங்கோ காட்டுகிறார். எங்கள் சமையலறை இருக்கும் பக்கம் அது என்று எனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும்.

தொலைபேசி அட்டைகள் போய்விட்டன. யோகண்ணை குடும்பத்தோடு லண்டனுக்குப் போய், போன மாரியில் காலமானார். நேர்முகத்துக்கு ஆட்களைத் தேற்றி அனுப்பும் கூட்டங்களும் இல்லை. எல்லோரிடமும் இப்போது ஜெர்மன் குடிமக்களின் சிவப்புப் பாஸ்போட் இருக்கிறது. ஷோகேஸைப் போன கிழமை பழைய தளபாடங்களோடு தெருவோரம் வைத்தோம். விடியுமுன் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அலமோ இரண்டாம் முறை வீழ்ந்தது.

நேற்று அந்த மருமகளிடமிருந்து செய்தி வந்தது. இப்போது பெரிய பெண், ஹூஸ்டனில் பொறியியலாளர். அடுத்த மாதம் முதன்முதலாக ஜெர்மனி வருகிறாளாம். ஊன்ட்றொப் ஊரில் எங்கள் ஆட்களின் அம்பாள் கோயில் தேருக்குப் போவாள். பிராங்பேர்ட்டில் கட்டாயம் பார்க்க வேண்டியது எது என்று என்னிடம் கேட்கவில்லை, அவளே எழுதியிருந்தாள்: “மாமா நடந்த டெக்சாஸைப் பாக்கோணும்.”

வீட்டுத் திறப்பை, கதவுச் சாவியை, நாளைக்கு வீட்டுக்காரரிடம் ஒப்படைக்கிறோம். தரையில் ஒன்றும் ஒட்டியிருக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். கத்தி முனையால் கிளப்பிக் கிளப்பி, வாசலிலிருந்து ஆற்றைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டையாக வந்தது. மனைவி குப்பைப் பையை விரித்துப் பிடித்தாள். ரியோ கிராண்டேயைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.